மருந்தடிக்காமப் பிடிச்ச சிலந்தி

ஆமாங்க, அந்தச் சிலந்தியப் பிடிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன். உள்ளங்கை அகலம் இருந்துச்சான்னு கேட்டீங்கள்ல, இருந்துச்சு. கடிச்சுச்சான்னா, அது யாரையும் கடிக்கல. கடிச்சதெல்லாம் மனுசங்கதான்.

பூச்சி மருந்து அடிக்கிற தொழில்ல ஒரு நிம்மதி உண்டு. நாம யாரு மேல மருந்து அடிக்கிறோமோ அவங்க திரும்பி வந்து குத்தம் சொல்ல மாட்டாங்க. கூலி குடுக்கிறவங்கதான் சொல்லுவாங்க. கரப்பான் செத்துக் கெடந்தா, "ஏம்ப்பா இப்படி மல்லாக்கக் கெடக்குது, சோறு இறங்கல"ம்பாங்க. சாகாம ஓடுனா, "மருந்துல தண்ணியக் கலந்துட்டியா"ம்பாங்க. தோள்ல டப்பாவ மாட்டிக்கிட்டு அடுத்தவங்க வீட்டுக் கக்கூஸ் மூலையில குனிஞ்சு நிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். குழாய் மாட்டுறவருக்குத் தெரியும், கரண்டு வேலை பாக்குறவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இல்லாட்டி இம்புட்டு நேரம் நின்னு கேப்பீங்களா?

நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். பகல்ல மருந்து, ராத்திரி விஞ்ஞானம். எட்டுக் கால் இருந்தா அது பூச்சியே இல்லைன்னு அங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அப்ப சிலந்தி நம்ம இலாகா இல்லைன்னு நிம்மதியா இருந்தேன். அந்த நிம்மதி காஜா பாய் போன் பண்ற வரைக்கும் இருந்துச்சு.

ரோஸியக் காணோம்

காஜா பாய் போடியில ஏலக்காய் வியாபாரி. கீழ காய் பொறுக்குற ஹாலும், காய் வச்சிருக்கிற ரூமும். மேல வீடு. அவரு வீட்டுக்கு நான்தான் ரொம்ப வருசமா மருந்து. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன்ல கூப்பிட்டாரு. "பாண்டி, மாப்பிள்ளையோட ரோஸியக் காணோம். வெரசா வா." மாப்பிள்ளை பேரு இர்பான், மெட்ராஸ்காரரு. பாயோட ஒரே மக சமீமாவக் கட்டி ரெண்டு மாசம்தான் ஆகுது. வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர்ல பாக்குற வேலைங்கிறதால, மலைக்காத்து வாங்கிட்டுப் போவோம்னு மாமனார் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாரு. "ரோஸின்னா நாயா பாய்?"ன்னு கேட்டேன். "நாயா இருந்தா உன்னை எதுக்குப்பா கூப்பிடுறேன்?"ன்னாரு. அதுவும் நியாயம்தான்.

போயிப் பாத்தா, மாடி ரூமுல ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ள தேங்கா நார்த் தூளு, ஒடைஞ்ச மண்சட்டி ஒண்ணு, குட்டித் தண்ணிக் கிண்ணம். குடியிருக்க எல்லா வசதியும் இருந்துச்சு, குடியிருந்தவதான் இல்ல. இந்தப் பெட்டி வந்து எறங்குன அன்னைக்கே பாயோட சம்சாரம் கம்பத்துல இருக்கிற அண்ணன் வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. மாப்பிள்ளை போன எடுத்து அந்த உள்ளங்கை அகலச் சிலந்தி ரோஸியோட போட்டோவ ஒண்ணொண்ணாக் காட்டுனாரு. கல்யாண ஆல்பத்துலகூட மனுசன் அம்புட்டு போட்டோ எடுத்திருக்க மாட்டாரு. காலேஜ்ல படிக்கிறப்ப இருந்து வளக்குறாராம். முறைப்படி வாங்கி, கவர்மெண்டுல பதிஞ்சதாம்.

"மருந்து அடிச்சுடாதீங்க ப்ரோ, வாசம் பட்டாலே அவ போயிருவா. கையில தொடாதீங்க, முடிய உதுத்து விட்டா அரிக்கும். வெரட்டாதீங்க, ஓடிரும். ஒசரத்துல இருந்து விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்துரும்"ன்னு வரிசையாச் சொன்னாரு. மருந்து கூடாது, தொடக் கூடாது, வெரட்டக் கூடாது. அப்ப என்னதான் சார் பண்றதுன்னு கேட்டேன். அதுக்கு மாப்பிள்ளை சொன்னது: "அன்பா இருக்கணும் ப்ரோ. அவ ரொம்பப் பயந்த சுபாவம்."

மாடிப்படியில குடுத்த ஆர்டரு

நம்ம பக்கம் மருமகன எதுத்து ஒரு வார்த்தை பேசுற மாமனாரு இன்னும் பொறக்கல. மாப்பிள்ளை மலைப்பாம்ப மடியில வச்சிருந்தாலும், "நல்ல நீளம் மாப்ளே"ன்னுதான் சொல்லியாகணும். பாயும் ரூமுக்குள்ள நிக்கிற வரைக்கும், "பாவம் மாப்ளே, வாயில்லாத ஜீவன், கெடைச்சுரும் கெடைச்சுரும்"னு ஆறுதல் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. கதவு இடுக்குல வைக்கத் துணி எடுக்கப் போறேன்னு நான் படி எறங்குனதும் பின்னாடியே வந்தாரு.

அவரு கவலையில தப்பில்லைங்க. கீழ ஹாலுல தெனமும் பத்துப் பொம்பளைங்க உக்காந்து காய் பொறுக்குறாங்க. பேச்சுக்குப் பேச்சு, கைக்குக் கை. கண்ணு டிவி சீரியலப் பத்தி அடுத்த ஆளோட பேசிக்கிட்டிருக்கும், விரலு மட்டும் குவியலுக்குள்ள போயி வெடிச்ச காய், பூச்சி அரிச்ச காயெல்லாம் தானா எடுத்து எறியும். அந்த விரலுக்கு ஒரு நாளு ரோஸி தட்டுப்பட்டா மறுநாளு ஒருத்தி வேலைக்கு வர மாட்டா. அதோட, 'காஜா பாய் காயில சிலந்தி'ங்கிற சேதி ஏலம் போடுற எடத்துக்கு நம்ம ஜீப்பு போறதுக்கு முன்னாடி போயிரும். "ஒரு மிதி மிதிச்சுரு பாண்டி. கண்டுபிடிக்க முடியல, குரங்கணிப் பக்கம் மலையேறிப் போயிருச்சுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிக்கலாம்"ன்னாரு. அதெப்படி பாய், பாவமில்லையான்னேன். ஒரு நிமிசம் தாடியத் தடவிட்டுத் தெளிவாச் சொன்னாரு: "நீ கொன்னதாவும் இருக்கக் கூடாது, நான் சொன்னதாவும் இருக்கக் கூடாது. ஆனா அது செத்திருக்கணும்."

மூணாவது ஆர்டரு

மாடிக் கதவு இடுக்குல எல்லாம் ஈரத்துணியத் திணிச்சுக்கிட்டு இருந்தேன். தப்பிச்ச பிராணி எதா இருந்தாலும் மொத வேலை அதுதான். எங்க இருக்குன்னு தெரியாட்டியும், எங்க போக முடியாதுங்கிறத நாம முடிவு பண்ணிரணும். அப்ப சமீமா பக்கத்துல வந்து துணிய நனைச்சு நனைச்சுக் குடுத்துச்சு. சின்னதுல இருந்து தெரிஞ்ச புள்ள. பல்லியப் பாத்தா தெருவே கூடுற அளவுக்குக் கத்தும். அதுக்குன்னு வந்து வாய்ச்ச மாப்பிள்ளையப் பாருங்க.

"அண்ணே, அவருகிட்டச் சொல்லிராதீங்க. மத்தியானம் கரண்டு போச்சு. அவரு தூங்குனாரு. ரூமு வெந்துச்சு. பெட்டியில தண்ணிக் கிண்ணம் காஞ்சு கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு மூடியத் தொறந்து தண்ணி ஊத்துனேன். அந்நேரம் பாத்து அம்மா கம்பத்துல இருந்து போன். மூடிய வச்சேன், கொக்கியப் போட மறந்துட்டேன்"னுச்சு. மாப்பிள்ளை, கொக்கி தேஞ்சு தானாக் கழண்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. அட, இதுல என்னம்மா இருக்கு, சொல்லிட்டாப் போச்சுன்னேன். அது தலைய ஆட்டிட்டு மெதுவாச் சொல்லுச்சு: "நான் வந்து ரெண்டு மாசம், ரோஸி வந்து எத்தனையோ வருசம். அது செத்துப்போச்சுன்னா அவரு என்னைத் திட்ட மாட்டாருண்ணே. திட்டாமயே காலம் பூரா இருப்பாரு. அதுதான் பயமா இருக்கு."

மாவு சொன்ன சேதி

ஆக, ஒரு சிலந்தி, மூணு ஆர்டரு. உசுரோட வேணும்னு ஒருத்தரு, பொணமா வேணும்னு ஒருத்தரு, எப்படியாச்சும் உசுரோட இருந்துறணுமேன்னு ஒரு புள்ள. இந்த மாதிரி வீட்டுக்கு வேலைக்குப் போனவங்க கையத் தூக்குங்க, எத்தனை பேருன்னு பாப்போம்.

ரூமப் புரட்டுனோம். செருப்புக்குள்ள, திரைச்சீலை மடிப்புல, பீரோ பின்னாடி, கட்டிலுக்கு அடியில. இந்தச் சாதிச் சிலந்தி தூரமாப் போகாது, இருட்டா ஒரு மூலை கெடைச்சா உக்காந்துரும்னு மாப்பிள்ளை சொன்னாரு. டார்ச்ச நான் பிடிச்சேன், "மெதுவா ப்ரோ, மெதுவா"ன்னு அவரு பின்பாட்டு. கல்யாணத்துல தொலைஞ்ச மோதிரம் ஒண்ணு கெடைச்சுச்சு, அதுக்கு யாரும் சந்தோசப்படல. கடைசியில, ஆப்பத்துக்கு வச்சிருந்த பச்சரிசி மாவ எடுத்து மேல நடை, படி, கீழ ஹாலு எல்லாத்துலயும் லேசாத் தூவி விட்டேன். போற வழி தெரிஞ்சுருமில்ல. எறும்பக் கொல்லக் காசு வாங்குற வீட்டுல என் கையாலயே எறும்புக்கு விருந்து. காலையில நான் வர்ற வரைக்கும் மேல யாரும் நடமாடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை வந்து பாத்தா, மாவுல ரெண்டு பேரு நடந்திருக்காங்க. ஒண்ணு, விரல் நுனிய ஒத்தி ஒத்தி எடுத்த மாதிரி புள்ளி புள்ளியா, செவுத்தோரமாவே போயி படியெறங்குது. சந்தேகமே இல்ல, ரோஸிதான். இன்னொண்ணு, அகலமான வெறுங்காலு. பாய் ரூமுல இருந்து பிரிட்ஜு வரைக்கும் போகுது, அங்க கொஞ்ச நேரம் நிக்குது, திரும்பி வருது. அப்புறம் மறுபடியும் போகுது. பிரிட்ஜுக்குள்ள யாரோ குடுத்து விட்ட கல்யாண வீட்டு அல்வா இருக்கு. பாய்க்குச் சுகர் இருக்கு. மாப்பிள்ளை ரெண்டு தடத்தையும் போட்டோ எடுத்தாரு. பாய் என் காதுகிட்ட வந்தாரு: "சிலந்தி கெடக்கட்டும் பாண்டி. மொதல்ல இந்த மாவக் கூட்டு, அவ கம்பத்துல இருந்து எந்நேரமும் வந்துருவா."

குளிச்சிட்டு வா

புள்ளியப் பிடிச்சுக்கிட்டே கீழ எறங்குனா, ஹாலு பளபளன்னு இருக்கு. பேச்சியம்மான்னு ஒரு அம்மா, பொறுக்குற பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவி. காலையில வந்ததும் "எந்தக் கிறுக்கு மாவக் கொட்டுனது"ன்னு திட்டிக்கிட்டே மொத்தத்தையும் கூட்டித் தள்ளிருச்சு. வெள்ளிக்கிழமை பாய் வீட்டுல பாதி நாளுதான் வேலை. அன்னைக்கு வேற ஒரு வேலைய முடிச்சு நான் வர பதினொரு மணி ஆயிருச்சு, அதுக்குள்ள பொம்பளைங்க எல்லாரும் கெளம்பிப் போயிட்டாங்க. மிச்சம் இருந்த எடம் காய் ரூமு ஒண்ணுதான். அது கதவுக்கு அடியில ரெண்டு விரக்கடை சந்து.

காய் ரூமுக்குள்ள வெளிச்சம் ஆகாது. வெளிச்சம் பட்டா ஏலக்காயோட பச்சை வெளுத்துரும், பச்சை போனா வெலை போயிரும். சன்னல்ல கறுப்புப் பேப்பர், பட்டப்பகல்லயும் கும்மிருட்டு. ரோஸிக்குன்னே கட்டி விட்ட மாதிரி. உள்ள போலாம்னு கதவத் தொட்டேன், பாய் குறுக்க கைய நீட்டிட்டாரு. என் சட்டைய மோந்து பாத்தாரு. ஏலக்காய் எந்த வாசத்தையும் இழுத்துக்கும், மருந்தடிக்கிறவன் உள்ள போனா மூட்டை மூட்டையா மருந்து வாசம் ஏறிருமாம். போயிக் குளிச்சிட்டு வான்னாரு. சோப்பு எடுத்தேன். சோப்பு வாசமும் கூடாதுன்னு புடுங்கிட்டுக் கடலை மாவக் கையில குடுத்தாரு. ஒரு சிலந்தியத் தேட, ஊரான் வீட்டுல கடலை மாவு தேச்சுக் குளிச்சு, பாயோட கைலியக் கட்டிக்கிட்டு நின்னேன். மறுபடியும் மோந்து பாத்துட்டு, "இப்பத்தான்ப்பா நீ மனுசன் மாதிரி இருக்க"ன்னு உள்ள விட்டாரு.

டார்ச்சு மேல துணியச் சுத்தி, மூட்டை மூட்டையா, சந்து சந்தாத் தேடுனேன். பல்லி இருந்துச்சு, எலிப்பொறி இருந்துச்சு, ரோஸி இல்ல. வேர்த்துப் போயி வெளிய வந்தா பாய் என் மூஞ்சியவே பாக்கல. விடுவிடுன்னு உள்ள போயி ஒரு கைப்பிடி காய அள்ளி மோந்தாரு, ஒண்ண ஒடைச்சு வாயில போட்டாரு, கண்ண மூடி மென்னாரு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னாரு: "காய்க்கு ஒண்ணும் ஆகல. நீ தேடிப் போன சோலி என்னாச்சு?"

தூசிச் சாக்கு

பாய் தொழுகைக்குப் போயிட்டாரு. மாப்பிள்ளை படியில தலையப் பிடிச்சு உக்காந்துட்டாரு. சமீமா அவரையே பாத்துக்கிட்டு நிக்குது, சொல்லிரலாம்னு ஒரு எட்டு வைக்குது, வேண்டாம்னு நின்னுருது. நான் ஹாலு மூலையில சாஞ்சு நின்னவன், கீழ பாத்தேன். பேச்சியம்மா கூட்டுனதுல மூலையில மட்டும் வெளக்குமாறு படாம வளையமா மாவு நிக்குது. ஏதோ ஒரு சாமான வச்சிருந்து, அதச் சுத்திக் கூட்டிட்டு, பொறவு சாமானத் தூக்கியிருக்காங்க. அந்த மாவு வளையத்துல புள்ளி புள்ளியாத் தடம். உள்ள போயிருக்கு. வெளிய வந்த தடத்தைக் காணோம்.

"இங்க என்னம்மா இருந்துச்சு?"ன்னேன். "தூசிச் சாக்குண்ணே"ன்னுச்சு சமீமா. காயில ஒட்டிக்கிட்டு வர்ற காஞ்ச பூவு, காம்பு, சருகெல்லாம் அந்தச் சாக்குலதான் போடுவாங்க. மெத்துன்னு, காப்பிக் கலர்ல, நார்த் தூளு மாதிரியே இருக்கும். சொந்த வீட்டு ஞாபகத்துல ரோஸி அதுக்குள்ள எறங்கியிருக்கும். சரி, அந்தச் சாக்கு எங்க? வாராவாரம் வெள்ளிக்கிழமை பேச்சியம்மா கட்டி எடுத்துக்கிட்டு ராசிங்காபுரத்துல அவங்க வீட்டுக்குக் கொண்டு போயிரும். எதுக்குன்னு மாப்பிள்ளை கேட்டாரு. "மாட்டுக்கு ஈ, கொசு வராம மூட்டம் போட"ன்னுச்சு சமீமா. மாப்பிள்ளை மூஞ்சியில ரத்தம் சுண்டிப்போச்சு. போன் போட்டா பேச்சியம்மா எடுக்கல. என் வண்டியில மருந்து வாசம், அதனால ஆட்டோவப் பிடிச்சு மூணு பேரும் கெளம்புனோம்.

அங்க போனா, தொழுவத்துல சட்டியில வரட்டி கனிஞ்சுக்கிட்டு இருக்கு. பேச்சியம்மா சாக்குக் கட்ட அவுக்கப் போறாங்க. சமீமா ஆட்டோவுல இருந்து குதிச்சு, "அக்கா, சாக்க அவுக்காதீங்க, அதுல எங்க பொருளு இருக்கு"ன்னு கத்திருச்சு. அவ்வளவுதான். காய் பொறுக்குற பொம்பளைகிட்ட எதை வேணாச் சொல்லலாம், சாக்குக்குள்ள மொதலாளி பொருளு இருக்குன்னு மட்டும் சொல்லக் கூடாது. "என்ன பொருளு? ரெண்டு காய ஒளிச்சுக் கொண்டாந்துட்டேன்னு ஆட்டோ வச்சுல்ல பிடிக்க வந்திருக்கீக! புது மாப்பிள்ளையையும் சாட்சிக்குக் கூட்டியாந்தாச்சா? இந்தா, தலைகீழாக் கொட்டுறேன், எண்ணிப் பாத்துக்கங்க!"ன்னு சாக்கத் தலைக்கு மேல தூக்கிருச்சு. அம்புட்டு ஒசரத்துல இருந்து கொட்டுனா ரோஸி கதை அத்தோட முடிஞ்சுச்சு. மாப்பிள்ளை ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. எதுக்குக் காதப் பொத்துனாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சமீமா ஓடிப்போயி பேச்சியம்மாவையும் சாக்கையும் சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. "காய் இல்லக்கா, சிலந்தி! அவரு வளக்குற சிலந்தி!"

பேச்சியம்மா சாக்கப் பாத்துச்சு, மாப்பிள்ளையப் பாத்துச்சு. பய்ய எறக்கி வச்சிட்டு, முந்தானையில மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு: "சிலந்தியா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, நான் என்னமோ மானம் போற காரியமாக்கும்னு பயந்துட்டேன்."

சேர்ல நின்ன மாப்பிள்ளை

திரும்புறப்ப ஆட்டோவுல சாக்க யாரு மடியில வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. வளத்தவரு அவருதான, மாப்பிள்ளைகிட்ட நீட்டுனேன். மனுசன் ஆட்டோவோட அந்த ஓரத்துக்கு ஒதுங்கி, "ப்ரோ, நான் இதுவரைக்கும் அவளைத் தொட்டதே இல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பழக்கம்"ன்னாரு. அன்பா இருக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்தவரு. சாக்கு சமீமா மடிக்குப் போச்சு. ஒவ்வொரு குழிக்கும் அது மூச்ச நிறுத்தி, சாக்க ஏந்தி ஏந்திப் பிடிச்சுச்சு. தலைப்புள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியார்றவங்ககூட அப்படி ஏந்த மாட்டாங்க.

வீட்டுக்கு வந்து, டைல்ஸ் போட்டு, ஒரு சேரும் அலமாரியும் மட்டும் இருக்கிற ரூமா ஒண்ணப் பாத்து, கண்ணாடிப் பெட்டியையும் அங்க கொண்டாந்து வச்சு, ஈரத்துணியால கதவ அடைச்சு, சாக்கத் தரையோட தரையாப் படுக்க வச்சேன். சாக்கோட பக்கத் தையலக் கத்திரியால பிரிச்சு விட்டேன். தூசி லேசாச் சரிஞ்சுச்சு. அந்நேரம் பாய் தொப்பியோட கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தாரு. வந்தவரு மொதல்ல குனிஞ்சு தேடுனது சிலந்திய இல்ல, தூசிக்குள்ள நல்ல காய் ஏதும் கெடக்கான்னுதான். ஒண்ணுகூட இல்ல. கொஞ்சம் ஏமாத்தமா நிமிந்தாரு.

அப்பத்தான் அவ வந்தா. கறுப்பும் காப்பிக் கலரும், முதுகுல செம்பட்டை முடி, ஒவ்வொரு காலாத் தூக்கி வச்சு, பொண்ணு வீட்டுச் செலவு எவ்வளவுன்னு பாக்க வந்த சம்பந்தியம்மா மாதிரி நிதானமா. சத்தம் கேட்டுத் திரும்புனா மாப்பிள்ளை சேரு மேல நிக்கிறாரு. பாய் எனக்கு மட்டும் தெரியிற மாதிரி வலது கால லேசாத் தூக்கித் தரையில வச்சுக் காட்டுறாரு. மிதிச்சுருங்கிறாரு. மாப்பிள்ளை, "ப்ரோ, அன்பா, அன்பா"ங்கிறாரு. நான் நடுவுல, பாயோட கைலியக் கட்டிக்கிட்டு.

என்ன பண்றதுன்னு நான் முடிவெடுக்குறதுக்குள்ள சமீமா தரையில மண்டி போட்டு உக்காந்துருச்சு. கையோட எடுத்துட்டு வந்திருந்த, பேரீச்சம்பழம் வந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவப் படுக்க வச்சு, வாய ரோஸிக்கு முன்னாடி காட்டுச்சு. கல்யாணத்துக்கு வாங்குன மேக்கப் பிரஷ்ஷால பின்னங்கால லேசாத் தொட்டுச்சு. ரோஸி ஒரு எட்டு வச்சா. இன்னொரு தொடு, இன்னொரு எட்டு. பிரஷ்ஷு நுனி ஆடல. பூராவும் உள்ள போனதும், அலமாரியில இருந்த தட்ட எடுத்து டப்பா வாயில பொத்துச்சு. பொத்துன கைய எடுக்காம, யாரையும் திரும்பிப் பாக்காம, "மூடிய நான்தாங்க தொறந்தேன். கொக்கி தேயல. நான்தான் போட மறந்துட்டேன்"ன்னு சொல்லிருச்சு.

நான் மாப்பிள்ளையப் பாத்தேன். கோவப்படுறவன் தரையில நின்னு கோவப்படணும். சேரு மேல ஏறி நிக்கிறவன் யாரை என்ன கேக்க முடியும்? மாப்பிள்ளை பொண்டாட்டியப் பாத்தாரு, அது கைய வச்சிருக்கிற எடத்தப் பாத்தாரு, சேர விட்டு எறங்காமயே சொன்னாரு: "அதெல்லாம் பரவால்ல சமீமா. இந்தத் தடவையும் மூடிய நீயே தொறந்து பெட்டிக்குள்ள விட்டுரு, ப்ளீஸ்."

ரத்தான ஆர்டரு

ரோஸி பெட்டிக்குள்ள போனா, சமீமா கொக்கியப் போட்டுச்சு, இழுத்துப் பாத்துச்சு, மறுபடியும் இழுத்துப் பாத்துச்சு. அப்புறம்தான் மாப்பிள்ளை சேர விட்டு எறங்கிப் போயி அது கைக்குத் தண்ணி ஊத்துனாரு, முடி ஏதும் ஒட்டியிருக்கான்னு வெரல் வெரலாப் பாத்தாரு. பாய் கதவோரமா நின்னு அதப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பல்லிக்குப் பயந்து தெருவக் கூட்டுன புள்ளைன்னு அவருக்கும்தான தெரியும். நான் பக்கத்துல போயி மெதுவா, "பாய், நேத்து மாடிப்படியில ஒரு ஆர்டரு குடுத்தீங்களே, அதை என்ன பண்றது?"ன்னேன்.

பாய் என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. மாப்பிள்ளைக்குக் கேக்குற மாதிரி சத்தமா: "எந்த ஆர்டரு? ஒரு ஆர்டரும் இல்ல. அந்தத் தட்டு காய்ச் சாம்பிள் காட்ட ஏலத்துக்குக் கொண்டு போற தட்டு, அதைப் போயி நல்லாக் கழுவி வை!"

அம்புட்டுத்தாங்க கதை. இப்ப சின்னஞ்சிறுசுக ரெண்டும் மெட்ராஸ் வரைக்கும் போயிருக்குக, ரோஸிய மாமனாரு பொறுப்புல விட்டுட்டு. பாய் சம்சாரம் இன்னும் கம்பத்துலதான். அதனால அந்த வீட்டுல இப்ப பாயும் ரோஸியும் மட்டும்தான்... இருங்க, போன் அடிக்குது. அட, பாய்தான். கேளுங்க நீங்களும், ஸ்பீக்கர்ல போடுறேன்.

"பாண்டி, இது தண்ணி மட்டும் குடிக்கிது, பட்டினி கெடக்குதுப்பா. மாப்பிள்ளை தீனிக்கு வச்சிட்டுப் போன பூச்சியெல்லாம் வெயில்ல செத்துப்போச்சு. உசுரோட கரப்பான் போடச் சொல்லுது எம்மக, என் வீட்டுல நீ ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. எங்கயாச்சும் மருந்து படாததா ரெண்டு பிடிச்சு வெரசாக் கொண்டா."

பாத்தீங்களா, இத்தனை வருசமா 'செத்துச்சா, செத்துச்சா'ன்னு கேட்ட வாயி இப்ப உசுரோட கேக்குது, போடி டவுனுல நான் மருந்து அடிக்காம விட்ட வீடு எதுன்னு தேடிக்கிட்டுப் போறதுதான் இனிமே என் பொழப்பு, வர்றேங்க.